கரடித்தோல் என்று பெயர் வாங்கிய கம்பளம்

"கடைகளில் புகாரா கம்பளம் என்று விற்கிறார்களே, அதுதான் உஸ்பெக் கம்பளமா? உஸ்பெகிஸ்தானில் இன்றும் கையால் நெய்கிறார்களா, இல்லை எல்லாம் சுற்றுலா வருபவர்களுக்குக் காட்டுவதற்குத்தானா?" இதுதான் கேள்வி.

முதல் பாதிக்குப் பதில், இல்லை. இரண்டாவது பாதிக்குப் பதில், ஆமாம், நெய்கிறார்கள். ஆனால் இன்று அந்நாட்டு நகரங்களான சமர்கண்டிலும் கீவாவிலும் நெய்வது வேறு, உஸ்பெக் பாட்டிமார் தங்கள் வீட்டுக்கு நெய்தது வேறு. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதில் உண்மையான உஸ்பெக் கம்பளம் பேச்சில் வராமலே போய்விடுகிறது. பல ஆண்டுகளாக இந்தக் கம்பளங்களைத் தேடித் தேடிப் பார்த்து வருபவன் என்பதால் எனக்கு அதில் வருத்தம் உண்டு. அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

முதலில் அந்தப் பெயரைத் தீர்த்துவிடலாம். ஆழ்ந்த சிவப்புத் தரை, அதில் வரிசை வரிசையாக எண்கோணப் பூக்கள். இதைத்தான் உலகம் புகாரா கம்பளம் என்கிறது. இதை நெய்தவர்கள் துருக்மென் குலத்துப் பெண்கள். தெக்கே, சாலோர், சாரிக், யோமுத், எர்சாரி என்று அந்தக் குலங்களுக்குப் பெயர். மெர்வ் பாலைவனச் சோலையிலும் காராகும் மணல்வெளியிலும் அமு தரியா ஆற்றங்கரையிலும் இருந்தார்கள். அந்தப் பகுதிக்குப் பெரிய சந்தை, இன்று உஸ்பெகிஸ்தானில் இருக்கும் புகாரா நகரம். எங்கே நெய்த கம்பளமும் அங்கே வந்துதான் கைமாறியது. வாங்கிப்போன வியாபாரி சந்தையின் பெயரையே சரக்குக்கு வைத்துவிட்டான். 1888இல் ரஷ்யர்கள் போட்ட ரயில் பாதை புகாராவைத் தாண்டி சமர்கண்ட் வரை வந்ததும் கம்பளங்கள் கட்டுக்கட்டாக ஐரோப்பாவுக்குப் போயின. பெயரும் கூடவே போனது. இப்போது லாகூரிலும் கராச்சியிலும் அதே தெக்கே பூவைப் போட்டு நெய்வதற்கும் 'போக்காரா' என்றுதான் பெயர். நம் ஊர்க் கடைக்காரர் காட்டுவது பெரும்பாலும் அந்த வகைதான்.

துருக்மென்களைப் பொறுத்தவரை இதில் குழப்பம் எதுவும் இல்லை. அவர்கள் நாடான துருக்மெனிஸ்தானின் கொடியிலேயே ஐந்து கம்பளப் பூக்கள் இருக்கின்றன. 2019இல் துருக்மென் கம்பளக் கலை யுனெஸ்கோ பட்டியலிலும் ஏறிவிட்டது. உஸ்பெக் கம்பளத்துக்கு அப்படிப் பேர் சொல்ல யாரும் வரவில்லை. இதற்குக் காரணம் தரம் என்று நினைத்துவிடக் கூடாது. துருக்மென் பெண் தன் வீட்டுக்கும் நெய்தாள், விற்கவும் நெய்தாள். உஸ்பெக் பெண் பெரும்பாலும் வீட்டுக்கு மட்டும் நெய்தாள். சந்தைக்கே வராத பொருளுக்கு வியாபாரி எப்படிப் பெயர் வைப்பான்?

உஸ்பெக் என்று ஒற்றைச் சொல்லாகச் சொன்னாலும் அது பல குலங்களின் கூட்டம். '92 குலத்து உஸ்பெக்' என்பது அவர்கள் பேச்சில் பழகிய வழக்கு. லகாய், கொங்கிராத், மங்கித், கிப்சாக் என்று பட்டியல் நீளும். வடக்கே புல்வெளியில் மந்தை மேய்த்துக்கொண்டிருந்த குலங்கள் ஷைபானி கானின் தலைமையில் 1500ஐ ஒட்டி சமர்கண்டைப் பிடித்தன. அவர்களிடம் தோற்று வெளியேறிய இளைஞர்தான் பின்னாளில் தில்லிக்கு வந்த பாபர். நகரத்தில் குடியேறியவர்கள் வியாபாரத்துக்கும் கைத்தொழிலுக்கும் மாறினார்கள். மலையடிவாரத்திலும் புல்வெளியிலும் ஆடு மேய்த்தவர்கள்தான் நெசவைக் கைவிடாமல் வைத்திருந்தார்கள். ஆட்டு மயிர் கையில் இருந்தது, குளிர் கொடுமையாக இருந்தது, மண் தரையில் படுக்க வேண்டியிருந்தது. கம்பளம் பிறக்க இவ்வளவும் போதும்.

இடையில் ஒன்று. உஸ்பெகிஸ்தான் போய்வந்தவர்கள் பெரிய பெரிய வட்டப் பூக்கள் போட்ட துணியைக் காட்டி 'உஸ்பெக் கம்பளம்' என்பார்கள். அது சூசனி. பருத்தித் துணியில் பட்டு நூலால் தைத்த பூவேலை. நகரத்துப் பெண்களின் கலை, அழகான கலை. ஆனால் அதற்குத் தறி வேண்டாம், ஊசிதான்.

சரி, இனி ஜுல்கிர்ஸுக்கு வருகிறேன். உஸ்பெக் கம்பளம் என்று ஒன்றை மட்டும் காட்டச் சொன்னால் நான் இதைத்தான் காட்டுவேன். கிர்ஸ் என்றால் தாஜிக் மொழியில் கரடி. ஜுல் என்றால் விலங்குகளின் முதுகில் போடும் முரட்டுப் போர்வை. கரடித்தோல் போல மயிர் தொங்கும் விரிப்பு என்று பெயரே சொல்லிவிடுகிறது. சமர்கண்டைச் சுற்றிய கிராமங்கள், நூராத்தா மலையடிவாரம், ஜிசாக் பக்கம், தெற்கே காஷ்கதரியா என்று இது பரவியிருந்தது. உஸ்பெக்குகளோடு சேர்ந்து வாழ்ந்த தாஜிக்குகளும், மத்திய ஆசியாவில் பல நூற்றாண்டுகளாக வேர்விட்ட அரபுக் குடிகளும்கூட இதை நெய்தார்கள்.

இதன் தறியைப் பார்த்தால் இதுவா தறி என்று தோன்றும். நிலத்தில் முளை அடித்து, அதில் இரண்டு கட்டைகளைக் கட்டி, நடுவே நீளவாட்டில் ஓடும் பாவு நூலை இழுத்துவிடுவார்கள். அவ்வளவுதான். மழை வந்தாலோ மேய்ச்சலுக்கு வேறு இடம் போக வேண்டியிருந்தாலோ முளையைப் பிடுங்கி, பாதி நெய்ததை அப்படியே சுருட்டி ஒட்டகத்தின் மேல் போட்டுக்கொண்டு கிளம்பிவிடலாம். நெய்பவள் நெய்து முடித்த பகுதியின் மேலேயே உட்கார்ந்து கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் நகர்வாள். இந்தத் தறியில் அகலமாக நெய்ய முடியாது. ஒரு முழம், அதற்குச் சற்றுக் கூடக் குறைய இருக்கும் பட்டைதான் வரும். அதை நீளமாக நெய்து, துண்டு துண்டாக வெட்டி, பக்கத்தில் பக்கம் வைத்துத் தைத்தால் ஒரு ஜுல்கிர்ஸ் ஆகிவிடும்.

முடிச்சும் துருக்மென் கம்பளத்தைப் போல நெருக்கமாக இருக்காது. ஒரு வரிசை முடிச்சுப் போட்டபின் குறுக்கே போகும் ஊடை இழைகள் பலவற்றை ஓட்டிவிட்டுத்தான் அடுத்த வரிசை. அதனால் அடித்தளம் தளர்வாக இருக்கும், கம்பளம் துணி மாதிரி மடியும். ஆனால் முடிச்சில் விடும் மயிர் நீளமானது. அது சாய்ந்து அடுத்த வரிசையை மூடிக்கொள்ளும். முடிச்சு குறைவாக இருப்பதை ஆரம்பத்தில் நானும் குறை என்றே நினைத்தேன். புகாராவில் ஒரு கடையில் பழைய ஜுல்கிர்ஸ் ஒன்றை விரித்து அதன் மேல் உட்கார்ந்தபோதுதான் அது மெத்தை என்று புரிந்தது. பார்ப்பதற்காகச் செய்ததில்லை, படுப்பதற்காகச் செய்தது. நீண்ட மயிர் உடம்புச் சூட்டைப் பிடித்து வைக்கிறது. தளர்ந்த அடித்தளம் உடம்புக்கு ஏற்ப வளைந்து கொடுக்கிறது. சதுர அங்குலத்துக்கு எத்தனை முடிச்சு என்று எண்ணிக் கம்பளத்தை மதிப்பிடும் பழக்கம் நகரத்து வியாபாரியின் பழக்கம். அந்த அளவுகோலால் ஜுல்கிர்ஸை அளந்தால் அதற்கு எப்போதும் தோல்விதான்.

வடிவங்களும் அப்படியே. நீண்ட மயிரில் நுணுக்கமான கோடு வராது, கலங்கிவிடும். அதனால் பெரிய சாய்சதுரம், படிப்படியாக ஏறும் சிலுவை, சதுரங்கக் கட்டம், முக்கோணம் என்று தைரியமான உருவங்களாகவே போட்டார்கள். சிவப்புக்குப் பக்கத்தில் மஞ்சள், அதற்குப் பக்கத்தில் அடர்நீலம் என்று வண்ணங்கள் நேருக்கு நேர் நிற்கும். இருபதாம் நூற்றாண்டின் நவீன ஓவியங்களைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இவை உடனே பிடித்துப்போகும். ஐரோப்பியச் சேகரிப்பாளர்கள் இவற்றைத் தாமதமாகத்தான் கண்டுகொண்டார்கள், கண்டுகொண்டபின் விடவில்லை.

மயிர்க் கம்பளத்தைவிட அதிகமாக நெய்யப்பட்டது தட்டை நெசவு. முடிச்சு இல்லாமல் பாவும் ஊடையுமாகவே உருவம் எடுக்கும் வகை. இதில் எனக்கு மிகவும் பிடித்தது கஜாரி. சாதாரணமாக நெசவில் வடிவத்தைக் கொண்டுவருவது ஊடை. கஜாரியில் அந்த வேலையைப் பாவு செய்கிறது. இரண்டு நிறப் பாவு நூல்களை ஜோடி ஜோடியாக இழுத்து, வேண்டிய நிறத்தை மேலே எடுத்து, வேண்டாததைக் கீழே விட்டபடி நெய்வார்கள். ஊடை உள்ளே மறைந்து கிடக்கும், கண்ணுக்குத் தெரியாது. தறியை விட்டு வரும்போது ஒரு பட்டைதான். அதையும் வெட்டித் தைத்து அகலமாக்குவார்கள். சுர்கான்தரியா, காஷ்கதரியா மாவட்டங்களில் கொங்கிராத் குலத்து வீடுகளில் இது இன்றும் உண்டு. வெறும் கோடுகளாக நெய்தால் கோக்மா, இன்னும் மெல்லிய வேலையாக நெய்தால் தெர்மே. அரபுக் குடிகள் நெய்வது அரபி. அதில் நிறம் மாறும் இடத்தில் சிறு பிளவு விழும். காஷ்கதரியாவில் ஜெய்னாவ் என்ற ஊரில் அவர்கள் இன்னும் ஒருவகை அரபு பேசுகிறார்கள்.

இவற்றையெல்லாம் தரைவிரிப்பாக மட்டும் எண்ணிவிடக் கூடாது. கூடார வாழ்க்கையில் அலமாரி கிடையாது, பெட்டி கிடையாது. எல்லாமே நெய்த பைதான். படுக்கையைச் சுருட்டி வைக்க நப்ராமச். குதிரை முதுகின் இரண்டு பக்கமும் தொங்கும் இரட்டைப் பை குர்ஜின். கூடாரத்தின் மரச்சட்டத்தைச் சுற்றிக் கட்ட நீளப் பட்டைகள். பட்டை நெசவில் கைதேர்ந்தவர்கள் வடமேற்கே இருக்கும் காரகல்பாக் மக்கள். வெள்ளைத் தளத்தில் வடிவத்தை மட்டும் மயிராக எழுப்பி அவர்கள் நெய்த பட்டைகளை நூகூஸ் நகர அருங்காட்சியகத்தில் பார்க்கலாம். ஈகோர் சவித்ஸ்கி 1966இல் தொடங்கிய அந்த அருங்காட்சியகத்துக்கு ஆட்கள் சோவியத் காலத்தில் ஒளிந்திருந்த ஓவியங்களைப் பார்க்கத்தான் போகிறார்கள். நான் போகச் சொல்வது அந்தப் பட்டைகளுக்காக.

மகளின் கல்யாணச் சீருக்காகத்தான் ஒரு வீட்டில் அதிகம் நெய்தார்கள். வேலை மிஞ்சினால் அக்கம்பக்கத்துப் பெண்களைக் கூப்பிடுவார்கள். அதற்கு ஹஷார் என்று பெயர். வீடு கட்டுவதற்கும் அறுவடைக்கும் ஊரே கூடிவந்து கூலி இல்லாமல் கைகொடுப்பதற்கும் இதே சொல்தான். வடிவங்களைத் தாளில் வரைந்து வைக்கும் வழக்கம் இல்லை. ஆட்டுக்கிடாக் கொம்பு, சீப்பு, தேள், தாயத்து முக்கோணம் என்று ஒவ்வொன்றுக்கும் பெயர் உண்டு, அந்தப் பெயரைச் சொல்லித்தான் தாய் மகளுக்குக் கற்றுக்கொடுத்தாள். ஒவ்வொரு வடிவத்துக்கும் ஆழமான மறைபொருள் இருப்பதாகக் கடைக்காரர்கள் கதை சொல்வார்கள். தாயத்தும் தேளும் கண்ணேறிலிருந்து காக்கும் என்ற நம்பிக்கை உண்மையாகவே உண்டு. அதற்கு மேல் சொல்வதைப் பாதிக்குப் பாதிதான் நம்பலாம். கொம்பு கொம்புதான். ஆடு வைத்திருப்பவர் வீட்டில் அது செழிப்பைக் குறிக்கும் என்பதைக் கண்டுபிடிக்கப் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை.

சாயத்தைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. சிவப்பு, மஞ்சிட்டிக்கு நெருங்கிய உறவான ஒரு செடியின் வேரிலிருந்து. அங்கே அதற்கு ரூயான் என்று பெயர். வேரைக் காயவைத்து இடித்து, படிகாரம் ஊறிய மயிரை அதில் வேகவைப்பார்கள். படிகாரத்தை உஸ்பெக்கில் கசப்புக் கல் என்பார்கள். மஞ்சளுக்கு இஸ்பாரக் என்ற மலைப்பூ. பழுப்புக்கு வால்நட் காயின் பச்சைத் தோல். கறுப்புக்கு மாதுளம் பழத்தோலும் இரும்பும். இந்த இரும்புதான் மெல்ல மெல்ல மயிரை அரித்துவிடும். பழைய கம்பளத்தைக் கையால் தடவினால் கறுப்பு இருக்கும் இடம் மட்டும் பள்ளமாகத் தட்டுப்படும். வயதைச் சொல்லும் அடையாளம் அது.

நீலத்துக்கு மட்டும் அவர்கள் வெளியூரை நம்ப வேண்டியிருந்தது. அவுரிச் சாயம் இந்தியாவிலிருந்து போனது. முல்தான், ஷிகார்பூர் வணிகர்கள் மலைக் கணவாய்களைத் தாண்டி அதைக் கொண்டுபோனார்கள். அங்கே அதன் பெயர் நீல். நாம் சொல்லும் நீலத்தின் கூடப்பிறந்த சொல். புகாராவில் அந்தச் சாயத் தொட்டிகள் பெரும்பாலும் யூதச் சாயக்காரர்களின் கையில் இருந்தன. மற்றச் சாயங்களை வீட்டு அடுப்பிலேயே ஏற்றலாம். அவுரியைப் புளிக்கவைத்து, பதம் பார்த்து, தொட்டியைக் காப்பது தனித் தொழில். மயிரை ஒரே நாளில் மொத்தமாகச் சாயமேற்ற மாட்டார்கள், நெய்ய நெய்யச் சிறு சிறு கட்டாக ஏற்றுவார்கள். அதனால் ஒரு கம்பளத்திலேயே சிவப்பு இரண்டு மூன்று சாயலில் ஓடும். அதைப் பிழை என்று நினைத்து விலை பேசுபவர்கள் உண்டு. எனக்கு அந்தக் கோடு தெரிந்தால்தான் நிம்மதி. 1870களுக்குப் பிறகு ரஷ்யா வழியாக ரசாயனச் சாயங்கள் வந்து சேர்ந்தன. விலை மலிவு, வேலை சுலபம். பெண்கள் அதைப் பிடித்துக்கொண்டதில் தப்பு சொல்ல முடியாது. ஆனால் ஆரம்பகாலச் சாயங்கள் வெயிலில் வெளுத்தன, தண்ணீரில் ஓடின. நூறு வருஷத்துக்கு முந்தைய கம்பளத்தில் ஊதா நிறம் மேலே சாம்பலாகவும் அடிமயிரில் பளீரென்றும் இருந்தால் அதுதான் விஷயம்.

இதெல்லாம் எவ்வளவு பழையது என்றால், கையில் கிடைக்கும் சாட்சி கொஞ்சம்தான். ஆட்டு மயிர் மண்ணிலும் பூச்சியிலும் போய்விடும் பொருள். முடிச்சுப் போட்டு நெய்து முழுசாகக் கிடைத்த மிகப் பழைய கம்பளம் அல்தாய் மலையில் பாஸிரிக் என்ற இடத்தில் பனிக்குள் உறைந்து கிடந்தது. 1949இல் செர்கேய் ருதென்கோ அதைத் தோண்டி எடுத்தார். கிட்டத்தட்ட 2,400 ஆண்டுப் பழசு. அது உஸ்பெகிஸ்தானுக்கு வெளியே இருந்தாலும் புல்வெளி மக்களிடையே இந்தக் கலை எவ்வளவு ஆழமானது என்று காட்டுகிறது. தைமூர் வம்சத்துக் காலத்துக் கம்பளங்கள் ஏறக்குறைய எதுவுமே மிஞ்சவில்லை. அந்தக் கால ஓவியங்களில் மட்டும் அரசர்களின் காலடியில் விரிந்து கிடக்கின்றன. இதை நினைவில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

உஸ்பெக் நெசவை முதலில் மதித்துச் சேகரித்தவர்களில் ஒருவர் சாமுயில் தூதின். ஓவியர், புகைப்படக்காரர். 1900 முதல் 1902 வரை மூன்று பயணங்களில் சமர்கண்டைச் சுற்றிய ஊர்களிலெல்லாம் திரிந்து பீட்டர்ஸ்பர்க் அருங்காட்சியகத்துக்காகப் பொருள்களை வாங்கினார். அவருக்குப் பிறகு வாலன்தீனா மோஷ்கோவா. 1929இல் தொடங்கிப் பல ஆண்டுகள் கிராமம் கிராமமாகப் போய், நெய்யும் பெண்களிடமே உட்கார்ந்து, எந்த வடிவத்துக்கு என்ன பெயர், எந்தக் குலம் எதை நெய்கிறது என்று எழுதிவைத்தார். 1952இல் அவர் இறந்தபோது அந்த எழுத்து அச்சாகவில்லை. 1970இல்தான் தாஷ்கண்டில் வெளிவந்தது. உஸ்பெக் கம்பளங்களைப் பற்றி இன்று யார் பேசினாலும் அந்தப் பெண்மணி சேகரித்ததிலிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது. அவர் கேட்டு எழுதிய சில ஆண்டுகளுக்குள்ளேயே பதில் சொன்னவர்களின் வாழ்க்கை தலைகீழாகிவிட்டது.

1920இல் புகாரா அமீரின் ஆட்சி விழுந்தது. சண்டைக்கும் பறிமுதலுக்கும் பயந்து ஆயிரக்கணக்கான குடும்பங்கள், எர்சாரி துருக்மென்கள், லகாய் முதலான உஸ்பெக் குலத்தவர்கள், அமு தரியாவைக் கடந்து ஆப்கானிஸ்தானுக்குப் போனார்கள். அங்கே ஏற்கெனவே உஸ்பெக்குகள் இருந்தார்கள். மைமனா வட்டாரத்துத் தட்டைக் கம்பளங்கள் அவர்கள் நெய்ததுதான். ஆக, உஸ்பெக் நெசவின் கதையில் ஒரு பெரிய பகுதி அந்த நாட்டு எல்லைக்கு வெளியே நடந்தது.

ஊரில் இருந்தவர்களுக்கு வந்தது சோவியத் ஆட்சியின் கூட்டுப்பண்ணை. மந்தைகள் அரசுக்குப் போயின. ஆடு கையில் இல்லாதவள் எதை வைத்து நெய்வாள்? இடம்பெயரும் வாழ்க்கை நின்றதும் நப்ராமச்சுக்கும் கூடாரப் பட்டைக்கும் தேவையும் நின்றது. 1956க்குப் பிறகு ஜிசாக் பக்கத்தில் 'பசிப் புல்வெளி' என்று பெயர் பெற்ற வறண்ட நிலத்தில் கால்வாய் வெட்டிப் பருத்தி போட்டார்கள். மேய்ச்சல் நிலம் வயலானது, இலையுதிர் காலத்தில் பெண்கள் பருத்தி எடுக்கப் போனார்கள். இன்னொரு பக்கம், 1927இல் முகத்திரையை விலக்கும் ஹுஜும் இயக்கம் தொடங்கியது. அதையொட்டிப் பெண்களுக்கென்று கூட்டுறவுப் பட்டறைகள் வந்தன. அவற்றில் கம்பளமும் நெய்தார்கள். பெண்கள் வீட்டுக்கு வெளியே சம்பளம் வாங்கியதை நான் சின்ன விஷயமாகச் சொல்ல மாட்டேன். ஆனால் அங்கே வடிவம் மேலிருந்து வரைபடமாக வந்தது. நிமிர்ந்து நிற்கும் தறி, ஆலை நூல், ரசாயனச் சாயம், கடைசியில் லெனின் முகமும் ஸ்டாலின் முகமும். துருக்மென் வடிவங்களை உஸ்பெக் பட்டறைகளில் நெய்வதும் சகஜமானது. ஜுல்கிர்ஸை எந்தப் பட்டறையும் எடுத்துக்கொள்ளவில்லை. அது பின்தங்கிய வாழ்க்கையின் பொருள் என்றே கருதப்பட்டது.

1991இல் நாடு தனியானபின் என்ன ஆனது? பட்டறைகள் பல மூடின. 1997இல் கைவினைஞர்களுக்கு வரிச்சலுகை கொடுத்து 'ஹுனர்மந்த்' என்ற சங்கத்தை அரசு அமைத்தது. கைத்தொழில் மறுபடி தலைதூக்க அது உதவியது. கம்பளத்தில் பெயர் சொல்லும்படி வந்தவை இரண்டு முயற்சிகள், இரண்டும் பட்டில்.

ஒன்று சமர்கண்டில். 1992இல் ஆப்கானிஸ்தானைச் சேர்ந்த ஒரு துருக்மென் கம்பளக் குடும்பம் அங்கே பட்டறை போட்டது. பட்டறை இருக்கும் தெருவின் பெயரே ஹுஜும். எல்லை தாண்டிப் போன கலை எழுபது வருஷம் கழித்துத் திரும்பி வந்தது போல எனக்குத் தோன்றும். போனால் பட்டுக்கூட்டிலிருந்து நூல் எடுப்பது, மாதுளைத் தோலிலும் வால்நட் தோலிலும் சாயமேற்றுவது, தறியில் முடிச்சுப் போடுவது என்று எல்லாவற்றையும் காட்டுவார்கள். பட்டுக்குப் பஞ்சமில்லாத நாடு அது. சீனா, இந்தியாவுக்கு அடுத்தபடியாக உலகில் அதிகப் பட்டுக்கூடு விளைவது அங்கேதான். வசந்த காலத்தில் கிராமத்து வீடுகளில் ஓர் அறையைக் காலி செய்து புழுவுக்குக் கொடுத்துவிட்டு, முசுக்கொட்டை இலையை வெட்டி வெட்டிப் போடுவார்கள்.

மற்றொன்று கீவாவில். 2001இல் யுனெஸ்கோவும் ஆபரேஷன் மெர்சி என்ற ஸ்வீடன் நாட்டுத் தொண்டு நிறுவனமும் சேர்ந்து, பழைய மதரசா ஒன்றில் பட்டுக் கம்பளப் பட்டறையைத் தொடங்கின. எந்த வடிவத்தை நெய்வது என்ற கேள்வி வந்தபோது அவர்கள் இரண்டு இடங்களுக்குப் போனார்கள். ஒன்று, முன்னே சொன்ன தைமூர் காலத்து ஓவியங்கள். ஓவியத்தில் அரசரின் காலடியில் பாதி மறைந்து கிடந்த கம்பளத்தை, மறைந்த பாதியை ஊகித்து வரைந்து, ஐந்நூறு ஆண்டு கழித்துத் தறியில் ஏற்றினார்கள். இரண்டாவது, கீவா சுவர்களின் நீல ஓடுகளும் செதுக்கிய கதவுகளும். சாயம் எல்லாம் இயற்கைச் சாயம். வேலை இல்லாமல் இருந்த பெண்களுக்கு அது நிலையான சம்பளம்.

பட்டுக் கம்பளம் ஏன் விலை அதிகம் என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 60 முடிச்சு என்று வையுங்கள். ஒரு சதுர மீட்டருக்கு 6 லட்சம். கைதேர்ந்த பெண் நாளைக்கு 8,000 முடிச்சுப் போட்டாலும் 75 வேலை நாள். மயிரை வெட்டிச் சமன்செய்வதும் கழுவுவதும் அதற்கு மேல்.

இந்தப் பட்டுக் கம்பளங்களை நான் குறைத்துப் பேச வரவில்லை. கீவாவில் செய்தது நேர்மையான வேலை. எங்கிருந்து எடுத்தோம் என்பதை அவர்கள் மறைக்கவில்லை. ஆனால் இது புதிதாகத் தொடங்கிய மரபு, தொடர்ந்து வந்த மரபில்லை. அரண்மனை ஓவியத்திலிருந்தும் ஓட்டிலிருந்தும் எடுத்தது. புல்வெளிப் பெண்ணின் மடியிலிருந்து வந்ததில்லை. 'தொன்மையான உஸ்பெக் கம்பளக் கலை' என்று இதை மட்டும் காட்டும்போது, தொடர்ந்து வந்தது எதுவோ அது நிழலுக்குப் போய்விடுகிறது.

தொடர்ந்து வந்தது இன்னும் சாகவில்லை. தெற்கே பாய்சூன் மலைப் பகுதியில் முற்றத்தில் முளை அடித்து நெய்யும் பெண்களை இன்றும் பார்க்கலாம். பாய்சூனின் பண்பாட்டு வெளியை யுனெஸ்கோ 2001இலேயே மனிதகுலத்தின் அரிய மரபாக அறிவித்தது. பாட்டு, சடங்கு, கைவேலை எல்லாம் சேர்ந்த அறிவிப்பு அது, அதனால் நெசவுக்கும் கொஞ்சம் வெளிச்சம் விழுந்தது. காரகல்பாக் பகுதியில் சிம்பாய் ஊரில் கூடாரம் செய்பவர்கள் இருப்பதால் பட்டைக்கும் வேலை இருக்கிறது. 2019இல் கோகந்தில் தொடங்கிய பன்னாட்டுக் கைவினைத் திருவிழாவுக்கு இப்படிப்பட்டவர்களும் வருகிறார்கள். ஆனால் ஜுல்கிர்ஸ் நெய்பவர்கள் விரல்விட்டு எண்ணும்படிதான். வீட்டுக்கு வேண்டியதை இயந்திரம் தந்துவிடுகிறது. சமர்கண்டிலும் கீவாவிலும் பெரிய ஆலைகள் ஓடுகின்றன. கல்யாணச் சீரில் இன்று அந்தக் கம்பளம்தான் போகிறது. மகளுக்கு மென்மையாக, துவைக்கச் சுலபமாக ஒன்று வேண்டுமென்று நினைக்கும் தாயைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. கஜாரிப் பட்டைக்கு நல்ல விலை கொடுக்கும் ஆள் வேண்டும். இப்போது ஊர்ச் சந்தையில் அதைப் பழைய துணி விலைக்கு வாங்கி, வெட்டிக் கைப்பையாகவும் செருப்பாகவும் தைத்து விற்கிறார்கள். பழசை வெட்டுவதைவிடப் புதிதாக நெய்யச் சொல்லிப் பணம் கொடுத்தால் நெய்யத் தெரிந்த கைகள் இன்னும் இருக்கின்றன.

நீங்கள் அங்கே போவதாக இருந்தால் ஒன்றிரண்டு விஷயம். புகாராவில் மகோகி அத்தோரி என்ற பழைய மசூதி, பாதி தரைக்குக் கீழே இறங்கி நிற்கும். அதற்குள் கம்பள அருங்காட்சியகம் இருக்கிறது. கடைக்குப் போவதற்கு முன் அங்கே போங்கள், கண் பழகிவிடும். வாங்கும்போது கம்பளத்தைத் திருப்பிப் போட்டு முதுகைப் பாருங்கள். கையால் போட்ட முடிச்சு பின்பக்கம் தனித்தனியாக, கொஞ்சம் ஒழுங்கில்லாமல் தெரியும். மயிரைப் பிரித்து அடியில் நிறம் மாறுகிறதா என்றும் பாருங்கள். ஐம்பது ஆண்டுக்கு மேற்பட்ட கம்பளத்தை நாட்டை விட்டு எடுத்துப்போகச் சட்டம் அனுமதிக்காது. புதிதாக இருந்தாலும் கடைக்காரரிடம் கலாசாரத் துறையின் சான்றிதழைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், விமான நிலையத்தில் கேட்கக்கூடும்.

ஜுல்கிர்ஸ் அல்லது கஜாரி கிடைத்தால், பட்டைகள் சேரும் தையலைக் கவனியுங்கள். ஒரு பட்டையில் இருக்கும் சாய்சதுரத்தின் பாதி, பக்கத்துப் பட்டையின் பாதியோடு விரலளவு ஏறியோ இறங்கியோ நிற்கும். நேராக இருக்காது. நீளமாக நெய்து வெட்டித் தைத்ததில் அப்படித்தான் வரும். அதைப் பிரித்து நேராகத் தைத்துத் தருகிறேன் என்று கடைக்காரர் சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.